எந்த மேசையில் உட்காருவது?

லாஸ் வேகாஸ் கேசினோக்களில் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு வகை பிளாக்ஜாக் மேசைகளைப் பார்க்கலாம். அதே விரிப்பு, அதே சீட்டு, அதே சீருடையில் டீலர். ஒன்றின் விரிப்பில் 3:2 என்று அச்சாகியிருக்கும், இன்னொன்றில் 6:5. பெரும்பாலோர் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டம் தெரிந்தவரின் கண் முதலில் அந்த எண்களைத்தான் தேடும்.

பிளாக்ஜாக்கில் 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிக எண்ணிக்கை சேர்க்க வேண்டும். கிங், குயின், ஜாக் மூன்றுக்கும் மதிப்பு பத்து. ஏஸை ஒன்றாகவோ பதினொன்றாகவோ வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்து வந்தால் அதற்குத்தான் பிளாக்ஜாக் என்று பெயர். அப்படி வந்தால் பந்தயத்தில் ஒன்றரை மடங்கு தருவது பழைய வழக்கம்: 10 டாலருக்கு 15 டாலர். 6:5 மேசையில் கிடைப்பது 12 டாலர். மூன்று டாலர் குறைந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. கணக்குப் போட்டால், வைக்கிற ஒவ்வொரு 100 டாலரிலும் கூடுதலாக 1.4 டாலர் அளவுக்கு நிர்வாகத்திடம் போய்விடுகிறது. நல்ல விதிகள் உள்ள ஆறு கட்டு மேசையில், பிழையில்லாமல் ஆடுகிறவரிடமிருந்து கேசினோ எடுக்கும் பங்கே சுமார் அரை சதவீதம்தான். விரிப்பில் மாறிய இரண்டு எண்கள் அதை மூன்று மடங்குக்கும் மேலாக உயர்த்திவிடுகின்றன.

பிழையில்லாமல் ஆடுவது எப்படி என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய நான்கு பேர். மேரிலாந்தின் அபர்டீன் ராணுவத் தளத்தில் இருந்த பால்ட்வின், கேன்ட்டி, மெய்செல், மெக்டெர்மட் ஆகிய நால்வரும் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு, எந்தக் கைக்கு இன்னொரு சீட்டு வாங்குவது, எதற்கு நிறுத்துவது என்று அட்டவணை போட்டு, 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்த எட்வர்ட் தார்ப் என்ற கணிதவியலாளர் எம்.ஐ.டி.யின் ஐபிஎம் 704 கணினியில் ஒரு படி மேலே போனார். ரூலட் சக்கரத்துக்கு முந்தைய சுற்று நினைவில் இருப்பதில்லை. சீட்டுக் கட்டு அப்படியல்ல. போன சீட்டு மறுபடி கலைக்கும்வரை திரும்பி வராது. ஒரு கட்டிலிருந்து நான்கு ஐந்துகளும் போய்விட்டால், மிச்சக் கட்டில் ஆடுபவருக்கு 3 சதவீதத்துக்கும் மேல் சாதகம் என்று தார்ப்பின் கணக்கு காட்டியது. 1962-இல் வந்த அவருடைய ‘பீட் த டீலர்’ கேசினோக்களைக் கலங்கடித்தது.

சீட்டு எண்ணுவது என்றால் அபார நினைவாற்றல் வேண்டும் என்பது சினிமா பரப்பிய எண்ணம். பரவலாகப் புழங்கும் ஹை-லோ முறையில் 2 முதல் 6 வரையுள்ள சீட்டு போனால் ஒன்று கூட்டுவார்கள். பத்தோ ஏஸோ போனால் ஒன்று கழிப்பார்கள். கூட்டுத்தொகை ஏறினால் மிச்சத்தில் பெரிய சீட்டுகள் அதிகம் என்று பொருள். அப்போது பிளாக்ஜாக் அடிக்கடி வரும். அதற்குரிய கூடுதல் தொகை ஆடுபவருக்குத்தான், டீலருக்கு இல்லை. பதினாறில் நிற்க டீலருக்கு அனுமதி கிடையாது, சீட்டு எடுத்தே ஆக வேண்டும். பெரிய சீட்டு வந்தால் அவர் 21-ஐத் தாண்டிவிடுவார்.

ஆனால் எண்ணத் தெரிந்தவர்களுக்கும் மேசைதான் முக்கியம். ஆறு கட்டு என்றால் 312 சீட்டு. கலைத்து முடித்ததும் டீலர் அதில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகுவார். அந்த அட்டை வெளியே வந்தால் சீட்டை மறுபடி கலைக்க வேண்டும். செருகும் இடம் கடைசியில் ஒரு கட்டு மிஞ்சுமாறு இருக்கிறதா, இரண்டு கட்டா, மூன்றா என்பதுதான் தேர்ந்தவர்கள் உற்றுப் பார்க்கும் விஷயம். கூட்டுத்தொகை எட்டு என்று வைத்துக்கொள்வோம். நான்கு கட்டு மிச்சமிருந்தால் கட்டுக்கு இரண்டுதான். இரண்டு கட்டு மிச்சமென்றால் கட்டுக்கு நான்கு. கட்டுக்கு ஒன்று ஏறினால் ஆடுபவரின் சாதகம் சுமார் அரை சதவீதம் கூடும். ஆகவே நல்ல தருணங்கள் பெரும்பாலும் கட்டின் பின்பகுதியில்தான் வருகின்றன. பாதியிலேயே கலைத்துவிடும் டீலரிடம் எண்ணும் திறமைக்குப் பயன் குறைவு. ஆடிய சீட்டுகளை அவ்வப்போது உள்ளே வாங்கிக் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் வைத்த மேசையில் அந்தத் திறமைக்கு வேலையே இல்லை.

மற்ற விதிகள் சிறிதுசிறிதாகச் சேரும். ஏஸைப் பதினொன்றாக வைத்து வரும் பதினேழில் டீலர் நிற்காமல் இன்னொரு சீட்டு எடுத்தால் ஆடுபவருக்கு 0.2 சதவீத நஷ்டம். ஜோடியாக வந்த சீட்டுகளை இரண்டு கைகளாகப் பிரித்த பிறகும் பந்தயத்தை இரட்டிக்கலாம் என்றால் 0.14 சதவீத லாபம். மற்ற விதிகள் மாறாமல் ஆறு கட்டுக்குப் பதில் ஒரே கட்டு என்றால் கிட்டத்தட்ட அரை சதவீதம் ஆடுபவர் பக்கம் சாயும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஒரு கட்டு ஆட்டம்’ என்ற பலகையைப் பார்த்து உட்கார்ந்தால், பல இடங்களில் அந்த மேசைதான் 6:5. கொடுத்த அரை சதவீதத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது.

இந்த விதிகளை நிர்வாகங்கள் நினைத்தபடியெல்லாம் மாற்றிவிட முடியவில்லை. தார்ப்பின் புத்தகத்துக்குப் பயந்து 1964 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் கேசினோக்கள் ஏஸ் ஜோடியைப் பிரிப்பதைத் தடுத்தன, இரட்டிப்பதைப் பதினொன்றுக்கு மட்டும் என்று சுருக்கின. சாதாரண வாடிக்கையாளர்களே வராமல் போக, சில வாரங்களில் பழைய விதிகள் திரும்பின.

நியூ ஜெர்சியின் அட்லான்டிக் சிட்டியில் 1978-இல் முதல் கேசினோ திறந்தபோது தாராளமான ஒரு விதி இருந்தது. டீலர் ஏஸ் காட்டினாலும், அவரிடம் பிளாக்ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, பாதிப் பந்தயத்தைக் கொடுத்துவிட்டு ஆடுபவர் விலகிக்கொள்ளலாம். ஆடுபவருக்கு 0.6 சதவீதம் தரும் விதி அது. சீட்டு எண்ணும் குழுக்கள் திரண்டு வந்தன. அவற்றில் ஒன்றின் தலைவர் கென் அஸ்டன் தன்னை வெளியேற்றியதை எதிர்த்து வழக்குப் போட்டார். மூளையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை கேசினோக்கள் தாமாகவே தடுக்க முடியாது என்று 1982-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அதற்குள் அந்த 0.6 சதவீத விதி மறைந்துவிட்டிருந்தது. கட்டுகளின் எண்ணிக்கை கூடியது. சந்தேகம் வந்தால் முன்கூட்டியே கலைப்பதும் வழக்கமானது.

நல்ல மேசையைத் தேடாமல் தானே உருவாக்கிக்கொண்டவர் டான் ஜான்சன். குதிரைப் பந்தயக் கணக்கில் ஊறியவர். 2008-க்குப் பிறகு அட்லான்டிக் சிட்டியில் வருமானம் சரிந்து, பெரும் பந்தயக்காரர்களைப் பிடிக்கக் கேசினோக்கள் போட்டியிட்டன. அவர் பேரம் பேசி, நிர்வாகத்தின் பங்கு கால் சதவீதம் அளவுக்கு இறங்கும்படி விதிகளை வாங்கினார். அதோடு, தோற்றால் நஷ்டத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. டிராபிகானா, போர்காட்டா, சீசர்ஸ் மூன்றிலும் சேர்த்துச் சில மாதங்களில் அவர் வென்றது சுமார் 1.5 கோடி டாலர். சீட்டு எண்ணி அல்ல.

எப்படி என்பதை ஓர் உத்தேசக் கணக்கில் பார்க்கலாம். கைக்கு 1 லட்சம் டாலர் வீதம் 250 கை ஆடினால் மொத்தப் பந்தயம் 2.5 கோடி. அதில் கால் சதவீதம் என்பது 62,500 டாலர். அத்தனை கைகளுக்குப் பிறகு கணக்கு எந்தப் பக்கமாவது 10 லட்சத்துக்கு மேல் சாய்ந்திருப்பது சாதாரணம். 10 லட்சம் போனால் 2 லட்சம் திரும்பி வரும். 10 லட்சம் வென்றால் முழுவதும் அவருக்கு. தோல்வியும் வெற்றியும் ஏறக்குறையச் சரிபாதி என்பதால், தள்ளுபடியின் சராசரி மதிப்பு 1 லட்சம் டாலர். 62,500-ஐ அது தாண்டிவிடுகிறது. இதே தள்ளுபடியோடு அவர் 6:5 மேசையில் உட்கார்ந்திருந்தால் நிர்வாகத்தின் பங்கே 4 லட்சமாகியிருக்கும்.

நீண்ட நேரம் ஆடுவதும் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். கைகளை நான்கு மடங்காக்கினால் கேசினோவின் பங்கு நான்கு மடங்காகும். ஆனால் ஏற்ற இறக்கம் வர்க்கமூல விகிதத்தில்தான் வளரும், அதாவது இரண்டு மடங்கு. தள்ளுபடி அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்துதான் வளரும். 1,000 கை என்றால் 2 லட்சம் டாலர் தள்ளுபடிக்கு எதிரே 2.5 லட்சம் டாலர் நிர்வாகத்தின் பங்கு நிற்கும்.