மார்புச் சீழும் வயல் மண்ணும்

இரட்டைத் துணியைப் பற்றி நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நுரையீரலையும் அத்தகைய இரட்டைச் சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. ஒரு படலம் நுரையீரலோடும், மற்றது விலாவின் உட்புறத்தோடும் ஒட்டியிருக்கும். இடையிலே ஒன்றிரண்டு தேக்கரண்டி நீர்தான் உண்டு. மூச்சு விடுந்தோறும் இரண்டும் உராயாமல் வழுக்குவது அந்நீராலேயே. அங்கே கிருமி புகுந்தால் நீர் பெருகிச் சீழாகும். நாட்பட நாட்படச் சவ்வு தடித்து, நுரையீரலை விரியவொட்டாமல் இறுக்கிவிடும். காய்ச்சல், ஒருபக்க மார்புக் குத்தல், மூச்சுத் திணறல் ஆகியன இதன் அறிகுறிகள்.

பெரும்பாலும் இச்சீழுக்குக் காரணமாவன நிமோனியாக் கிருமிகளும் வாய்க் கிருமிகளுமே. நம் நாட்டிலோ மார்பில் நீர் என்றதும் க்ஷயமே முதலில் நினைவுக்கு வரும். அந்நினைப்பு பல வேளைகளில் சரியே. சரியாயிராத வேளைகளைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். ஏனெனில் அவற்றுள் ஒன்று நம் வயல் மண்ணிலேயே வாழ்கிறது.

அதன் பெயர் மெலியாய்டோசிஸ். ரங்கூனில் ஆல்ஃபிரெட் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் 1912-இல் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினர். நெடுங்காலம் இது விட்மோர் நோய் என்றே வழங்கியது. கிருஷ்ணசாமியின் பெயர் ஒதுங்கிப் போயிற்று. இதை உண்டாக்கும் பர்க்கோல்டேரியா சூடோமல்லே என்னும் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கும். காலிலுள்ள புண் வழியாகவோ, மழைக்காலத்தில் மூச்சு வழியாகவோ, அசுத்த நீர் வழியாகவோ உடலினுள் நுழையும். தாய்லாந்தின் வடகிழக்கிலும் ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் பெரிதும் அறியப்பட்ட இந்நோய் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இலங்கையிலும் கண்டறியப்பட்டுள்ளது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேரை இது பற்றுகிறது என்றும், அவர்களுள் 89,000 பேர் மாள்கின்றனர் என்றும் 2016-இல் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர்.

நீரிழிவு உள்ளவர்களையே இது அதிகம் நாடுகிறது. நாற்று நட்டுவிட்டு வந்த நீரிழிவுக்காரர் ஒருவருக்குச் சில வாரங்களில் காய்ச்சலும் மார்புக் குத்தலும் வருவதாகக் கொள்வோம். படத்தில் நீர் தெரிகிறது. க்ஷயம் என்று கருதி மருந்து தொடங்குகின்றனர். அம்மருந்தால் இக்கிருமியை ஒழிக்க முடியாது. பென்சிலினும் ஜென்டாமைசினும் பெரும்பாலும் பயன்படா. ஊசியால் நீரை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். அப்போதும், எங்கும் பரவிக் கிடக்கும் சாதாரணக் கிருமி போலும் என்று சோதனைக்கூடத்தார் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆகையால், 'நான் சேற்றில் வேலை செய்பவன், எனக்குச் சர்க்கரையும் உண்டு' என்று நோயாளி தாமே மருத்துவரிடம் கூறிவிடுவது நலம். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

அறிந்த பின் வழியுண்டு. சீழைக் குழாய் வைத்து வடிப்பர். செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் மருந்தை இரத்தக் குழாய் வழியே குறைந்தது இரண்டு வாரம் செலுத்துவர். பின்னர் கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் உட்கொள்ள வேண்டும். உடம்பு தேறிவிட்டதே என்று நடுவில் நிறுத்துவோரிடம் நோய் திரும்பி வருகிறது. மூன்று மாதம் என்பது நம் குடும்பங்களுக்கு எளிதன்று என்பதை நாம் அறிவோம்.

வேறு சில கிருமிகளும் உள. மண்ணில் வாழும் நொகார்டியா நுண்ணோக்கியில் க்ஷயக் கிருமியைப் போலவே தோன்றி ஏமாற்றக்கூடும். சொத்தைப் பல்லும் ஈறும் கெட்ட வாயிலிருந்து ஆக்டினோமைசிஸ் இறங்கி, நுரையீரலையும் சவ்வையும் துளைத்து விலாவிற்கு வெளியேயும் சீழ் கசியச் செய்யும். அதற்குப் பல மாதங்கள் பென்சிலின் வேண்டும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் சால்மோனெல்லாவும் அரிதாக இவ்விடத்தை அடையும்.

முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்ஸ் அணிந்து வயலில் இறங்குமாறு நிபுணர் கூறுகின்றனர். உளைச் சேற்றில் அது எத்துணை தொல்லை என்பது நடவு வேலை செய்தவர்க்கே தெரியும். எனினும் நீரிழிவும் காலில் ஆறாப் புண்ணும் உள்ளவர்கள் மழைக்கால வேலையின்போதாவது அதனை அணிதல் வேண்டும். சங்கத்தின் விற்பனைக் கிளைகளில் விதை, உரம் ஆகியவற்றோடு இதையும் வாங்கி வைக்கலாமே என்பது நம் யோசனை.