எந்தக் கிலோ கனமானது?

டொராண்டோவிலிருந்து கிழக்கே போனால், போமன்வில் ஊருக்கு அருகே, ஏற்ற இறக்கமான நிலத்தில் வளைந்து கிடக்கிறது மோஸ்போர்ட் பந்தயத்தடம். இன்று அதற்குக் கனடியன் டயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க் என்று பெயர். 1961இல் திறந்தார்கள். ஒரு சுற்று நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1967 செப்டம்பர் 30 அன்று கனடாவின் ஒரே மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி சாலைப் பந்தயம் அங்கேதான் நடந்தது. 500 சிசி பிரிவில் நான்கு சிலிண்டர் ஹோண்டாவில் மைக் ஹெய்ல்வுட், மூன்று சிலிண்டர் எம்.வி. அகுஸ்தாவில் ஜியாகோமோ அகோஸ்தினி.

அன்று வென்றது ஹெய்ல்வுட். உலகப் பட்டம் கிடைத்ததோ இரண்டாவதாக வந்த அகோஸ்தினிக்கு. அந்த ஆண்டில் இருவருக்கும் ஐந்தைந்து வெற்றிகள், இருவருக்கும் 46 புள்ளிகள். இரண்டாமிடங்களை எண்ணிப் பார்த்தபோது அகோஸ்தினியிடம் ஒன்று கூடுதலாக இருந்தது. ஹோண்டாவின் எஞ்சின்தான் வலிமையானது. ஆனால் அந்த வலிமையைத் தாங்கும் சட்டம் (ஃபிரேம்) அதற்கு இல்லை. வேக வளைவுகளில் வண்டி நெளிந்தது. எம்.வி. இலகுவானது, சொன்ன பேச்சைக் கேட்கும். மறு ஆண்டு ஹோண்டா பந்தயத்தை விட்டே விலகியது. 1983இல் அந்த நிறுவனம் முதன்முறையாக 500 சிசி ஓட்டுநர் பட்டத்தைப் பிடித்தபோது, ஃப்ரெடி ஸ்பென்சர் ஓட்டியது எடை குறைந்த மூன்று சிலிண்டர் ஹோண்டாவை. வலிமை மிகுந்த நான்கு சிலிண்டர் யமஹாவில் வந்த கென்னி ராபர்ட்ஸை அது இரண்டே புள்ளிகளில் முந்தியது. குதிரைத்திறனை மட்டும் நம்பியவர்கள் பதினாறு ஆண்டுகளில் படித்த பாடம் இது.

இந்தக் கதையை என் மருமகனிடம் சொல்ல வேண்டிய நாள் சென்ற ஜனவரியில் வந்தது. டொராண்டோவின் ஸ்காபரோவில் அவன் வீட்டுக் கராஜ். வெளியே உப்புத் தூவிய தெரு. ஏப்ரல் வரை யாரும் வண்டி எடுக்கப் போவதில்லை. உள்ளே, ஹீட்டருக்குப் பக்கத்தில், 1980களின் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 ஒன்று தோலுரித்து நின்றது. அவன் கையில் கிரைண்டர்.

“மாமா, பின்பக்கத்தை வெட்டப்போறன்.”

“எவ்வளவு குறையும்?”

“மூண்டு கிலோ வரும்.”

“சில்லுகளை நிறுத்துப் பாத்தியா?”

பார்க்கவில்லை. பின்பக்கம் குட்டையான கஃபே ரேசர் வண்டிகளின் படங்களைப் பார்த்து வளர்ந்த எல்லா இளைஞர்களின் கையும் முதலில் சீட்டுக்குப் பின்னால்தான் போகிறது. கண்ணுக்குத் தெரியும் எடை அங்கே இருக்கிறது. இயற்பியலின் கண்ணுக்குத் தெரியும் எடை வேறிடத்தில் இருக்கிறது.

அவன் வைத்திருக்கும் வண்டியின் பிறப்பே எடைக் குறைப்பில்தான். 1984இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் சுசுகி அதைக் காட்டியபோது மற்ற 750 சிசி வண்டிகள் 200 கிலோவைத் தாண்டி நின்றன. எட்சுவோ யோகோவுச்சி என்ற பொறியாளர் தலைமையில் உருவான இது, எண்ணெயும் பெட்ரோலும் ஊற்றாமல் 176 கிலோதான் என்றது நிறுவனம். அலுமினியச் சட்டத்தின் எடை மட்டும் 8 கிலோ சொச்சம். எஞ்சினைக் குளிர்விக்க நீரும் ரேடியேட்டரும் சுமக்காமல், எண்ணெயையே அந்த வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். 700 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அமெரிக்கா போட்டிருந்த கடும் இறக்குமதி வரி கனடாவில் இல்லை. அதனால் 1985லேயே இங்கே வந்தது; அமெரிக்கர்கள் ஓராண்டு காத்திருந்தார்கள்.

அந்த முதல் ஆண்டு வண்டிக்கு ஒரு குறையும் இருந்தது. அதிவேகத்தில் தலையாட்டியது. 1986இல் சுசுகி பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை 25 மில்லிமீட்டர் நீட்டி அதைச் சரிசெய்தது. எடையைக் குறைத்தவர்களே அதன் விலையையும் கொடுத்தார்கள் என்பதை மருமகனுக்கு முதலில் சொன்னேன்.

சரி, எடை குறைந்தால் என்னதான் நடக்கிறது? குதிரைத்திறன் கூடினால் முன்னே பாய்வதில் மட்டும் லாபம். எடை குறைந்தால் பாய்வதிலும் நிறுத்துவதிலும் திரும்புவதிலும் லாபம். 200 கிலோ வண்டி, 75 கிலோ மனிதர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது வண்டிக்கும் மனிதருக்கும் சேர்த்து உள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 106 கிலோஜூல். நிறுத்தும்போது அதில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் சூடாக மாறவேண்டும். வண்டியை 160 கிலோவாக்கினால் 91 கிலோஜூல். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் பழைய பிரேக்குகளுக்கு அவ்வளவு வேலை மிச்சம்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாக் கிலோவையும் ஒன்றாகப் பார்க்கிறது. சுழலும் பொருளுக்கு இரண்டு ஆற்றல் உண்டு: வண்டியோடு முன்னே போகும் ஆற்றல் ஒன்று, தன்னைத்தானே சுற்றும் ஆற்றல் இன்னொன்று. சக்கரத்தின் விளிம்பில், டயரும் ரிம்மும் இருக்கும் இடத்தில், இவை இரண்டும் ஏறத்தாழச் சமம். அதனால் விளிம்பிலுள்ள ஒரு கிலோ, வேகமெடுக்கும்போதும் நிறுத்தும்போதும் இரண்டு கிலோ போல நடந்துகொள்கிறது. சீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஒரு கிலோ ஒரு கிலோதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதைத் தெருவிலேயே காட்டிவிடலாம். பழைய புல்லட் 350க்கு 18 குதிரைத்திறன், எடை சுமார் 170 கிலோ. யமஹா ஆர்எக்ஸ்100க்கு 11 குதிரைத்திறன், எடை 100 கிலோவை ஒட்டி. வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் விடை கிட்டத்தட்ட ஒன்றே. 75 கிலோ மனிதரை ஏற்றினால் புல்லட்டின் கைதான் ஓங்க வேண்டும். ஆனாலும் சிக்னல் பச்சையானதும் துள்ளியது ஆர்எக்ஸ்100. புல்லட்டின் எஞ்சினுக்குள் கனமான ஃப்ளைவீல் சுற்றுகிறது. முதல் கியரில் எஞ்சின் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால், அந்த ஃப்ளைவீலின் சோம்பல் கியர் விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகித் தெரியும். அதே ஃப்ளைவீல்தான் புல்லட்டுக்கு அந்த நிதானமான துடிப்பைத் தருகிறது. இதில் நான் எந்தக் கட்சியும் இல்லை. இரண்டையும் ஓட்டி மகிழ்ந்தவன்.

சுழலும் சக்கரம் பம்பரமும் ஆகும். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாய மறுக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் சைக்கிள் சக்கரம் நொடிக்குப் பதினான்கு, பதினைந்து முறை சுற்றுகிறது. ஜிஎஸ்எக்ஸ்-ஆரின் 18 அங்குலச் சக்கரங்களை எடை குறைந்தவையாக மாற்றினால், எஸ் வடிவ வளைவில் வண்டியை இடமிருந்து வலம் சாய்க்க ஹேண்டில்பாரில் கொடுக்கும் அழுத்தமே குறையும்.

சக்கரத்தின் எடைக்கு மூன்றாவது கணக்கும் உண்டு. டொராண்டோவில் ஓட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குளிர்காலத்தில் சாலை விரிசலில் இறங்கும் நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிவடைகிறது. உருகி, மறுபடி உறைந்து, மார்ச் முடிவதற்குள் தாரைப் பெயர்த்துவிடுகிறது. வசந்தத்தில் எக்லிங்டன் அவென்யூவில் பைக்கில் போய்ப் பாருங்கள். குழியின் விளிம்பில் மோதி மேலெழும் சக்கரத்தை ஸ்பிரிங் மறுபடி தரைக்குத் தள்ள வேண்டும். சக்கரம், டயர், பிரேக், ஃபோர்க்கின் கீழ்ப்பாதி ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. அது கனமாக இருந்தால் தாமதமாகத் திரும்பும். அந்தக் கணத்தில் டயர் காற்றில் இருக்கிறது. காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிமானம் கிடையாது.

இங்கேதான் பலரும் தவறும் இடம் வருகிறது. மேலே உள்ள எடையை மட்டும் குறைத்துவிட்டுச் சக்கரங்களை அப்படியே விட்டால், வண்டி இலகுவாகும், ஆனால் மோசமாக ஓடும். ஒப்பீட்டில் சக்கரம் இப்போது முன்னைவிடக் கனம். போதாததற்கு, கனமான வண்டிக்கென்று தேர்ந்த ஸ்பிரிங் இப்போது அளவுக்கு மீறி விறைப்பு. 275 கிலோவைத் தாங்கிய ஸ்பிரிங்குகள் 235 கிலோவைத் தாங்கினால் வண்டியின் துள்ளல் வேகம் எட்டு சதவீதம் கூடும். தணிப்பான் எண்ணெயையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். நாற்பது கிலோ குறைத்த வண்டி முன்னைவிடக் குலுக்குகிறது என்று குறைப்படுகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “ஸ்பிரிங் மாற்றினீர்களா?”

இனி சட்டம். அலுமினியம் இரும்பைவிட இலகு, ஆகவே அலுமினியச் சட்டம் இலகு என்று பேசுகிறோம். முழு உண்மை அதைவிடச் சுவையானது. எஃகின் அடர்த்தி 7.85, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு எடை. ஆனால் அதன் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். டைட்டானியம், மெக்னீசியம் எதை எடுத்தாலும், விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் ஏறக்குறைய ஒரே எண் வருகிறது. முதன்முதலில் இந்த அட்டவணையைப் பார்த்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன்.

அப்படியானால் அலுமினியத்தின் லாபம் எங்கே? வடிவத்தில். மெல்லிய சுவர் கொண்ட குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்காகும். வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். எஃகுக் குழாயை அப்படிப் பெரிதாக்கி, எடைக்காகச் சுவரை மெலிதாக்கிக்கொண்டே போனால் தகரடப்பா போல நசுங்கிவிடும். அலுமினியம் அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடையில் சுவர் தடிமனாகவே நிற்கும், குழாயும் அகலமாகலாம். இதே கணக்கு மருமகனின் கிரைண்டருக்கும் பொருந்தும். பயனற்ற தாங்கிகளை அறுப்பதால் ஒன்றும் கெடாது. இரண்டு குழாய்களை இணைக்கும் குறுக்குத் துண்டை அறுத்தால், மூடிய பெட்டி திறந்த பெட்டியாகிறது. அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்துவிட்டு முறுக்கிப் பாருங்கள், புரியும்.

அலுமினியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. எஃகு, ஒரு வரம்புக்குக் கீழான அதிர்வைக் காலமெல்லாம் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான வரம்பு இல்லை. சிறு அதிர்வுகளும் சேர்ந்து ஒருநாள் விரிசலாகும். வெல்டிங் சூட்டில் பல அலுமினியக் கலவைகள் பட்ட இடத்தில் பலமும் இழக்கும். நாற்பது வயதை நெருங்கும் அலுமினியச் சட்டத்தை கராஜில் அறுத்து ஒட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். தேர்ந்த வெல்டர் கையில் கொடுங்கள், அல்லது தொடாதீர்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் உண்டு. 1972இல் இத்தாலியின் மிசானோ தடத்தில் ஹோண்டா சிபி750இலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்த மாசிமோ தம்புரினி, எஞ்சினை வைத்துக்கொண்டு சட்டத்தைப் புதிதாகச் செய்தார். வண்டி இலகுவானது, எடை தாழ்ந்த இடத்துக்கு வந்தது. அவருடைய பிமோட்டா நிறுவனம் மோட்டார் சைக்கிள் செய்ய வந்த வழி அது. அதற்கும் முன்பே, பெல்ஃபாஸ்ட்டின் ரெக்ஸ் மெக்காண்ட்லெஸ் வடிவமைத்த சட்டத்தோடு 1950இல் நார்ட்டன் வண்டி பந்தயத்துக்கு வந்தது. அதை ஓட்டிய ஹரல்ட் டேனியல் இறகு மெத்தையில் படுத்ததுபோல் இருக்கிறது என்று சொல்ல, அதுவே அந்தச் சட்டத்தின் பெயராக நின்றது. இருவருமே குறைத்த எடையைவிட, மிஞ்சிய எடையை வைத்த இடத்துக்காகப் பேசப்படுகிறவர்கள்.

செலவில்லாத குறைப்புகளும் இருக்கின்றன. இருபது லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 15 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். ஊருக்குள் சுற்றப் பாதி டாங்க் போதும். பழைய ஈய அமில பேட்டரியை லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியாக மாற்றினால் சில கிலோ குறையும். ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். டொராண்டோக் குளிரில் அதைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

மருமகன் அன்று கிரைண்டரைக் கீழே வைத்தான். சக்கரங்களைக் கழற்றி, சமையலறைக்குப் பக்கத்திலிருந்த எடைக்கருவியில் ஒவ்வொன்றாக ஏற்றிக் குறித்துக்கொண்டான். பின்சட்டம் இன்னும் முழுதாக இருக்கிறது. பழைய வண்டி வாங்கி ஒண்டாரியோவில் பதிவுசெய்து ஓட்ட, பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பார்க்கும் மெக்கானிக் விளக்கையும் பிரேக்கையும் டயரையும் பார்ப்பார். நீங்கள் அறுத்த குறுக்குத் துண்டு எவ்வளவு முறுக்கைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அவரால் அளந்து சொல்ல முடியாது. அந்தக் கணக்கு உங்களுடையது. வரும் குளிர்காலத்தில் கராஜில் இறங்கப் போகிற தம்பி, தங்கைகளே, முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பு முன்சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை, பின்சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை என்று நிறுத்து, இரண்டு எண்களையும் சுவரில் எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு மறுபடி நிறுங்கள்.