எம்டன் கப்பலும் அதன் தபாற்குறிகளும்



எவர்க்கும் அகப்படாத சூரனை "அவன் ஓர் எம்டன்" என்று நம்மவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஜேர்மனியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர். 1914 செப்தெம்பர் 22ஆம் நாள் இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளை அது சுட்டெரித்தது. அன்றே அப்பெயர் தமிழிற் புகுந்தது. அதன் வீரத்தைப் பலர் சொல்லியுள்ளனர். அதன் மாலுமிகள் அனுப்பிய கடிதங்களிலுள்ள தபாற்குறிகள் சொல்வதை இன்று கேட்போம்.

முத்திரை வேறு, தபாற்குறி வேறு. முத்திரை கட்டணத்தைக் காட்டும். அதன்மேல் மையினாற் பதிக்கப்படும் வட்டக் குறி, கடிதம் புறப்பட்ட இடத்தையும் நாளையும் காட்டும். ஆனால் போர்க்கப்பலுக்கு நிலையான இடம் ஏது? ஆகவே ஜேர்மனியர் 1895 தொடக்கம் கப்பல்களிலேயே தபாற் சேவையை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கினர். குறியிலே பேரரசின் கடற்படைக் கப்பற்றபால் என்ற சொற்களும், எண்ணும், நாளுமே இருக்கும். கப்பலின் பெயர் இராது.

இங்கேதான் சேகரிப்போனின் ஆராய்ச்சி தொடங்குகிறது. எண்கள் ஒரு கப்பலை விட்டு மற்றொன்றுக்கு மாறியதும் உண்டு. ஆதலின் எண்ணையும் நாளையும் சேர்த்துப் பார்த்தே கப்பலை அறிதல் வேண்டும். பின்னர் அந்நாளைக் கப்பலின் வரலாற்றோடு ஒப்பிட வேண்டும். எம்டன் 1909இற் சேவையில் இறங்கி, 1910இற் கீழைக் கடலுக்குப் புறப்பட்டு, சீனக் கரையிலுள்ள சிங்டாவோவைத் தளமாகக் கொண்டது. 1911 சனவரியிற் குறியிடப்பட்ட அதன் தபாலட்டை ஒன்று கிடைப்பின், பசிபிக் கடலின் பொனாப்பே தீவிலே கிளர்ச்சியை அடக்கச் சென்றிருந்த ஒரு மாலுமியின் கையெழுத்து அதுவென ஊகிக்கலாம்.

1914 ஓகஸ்டிற் போர் மூண்டது. கப்டன் வொன் முல்லரின் தலைமையில் எம்டன் இந்து சமுத்திரத்திற் புகுந்து, இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை மறித்தது. இலங்கைக் கரைக்கப்பாலும் சில கப்பல்களைத் தாழ்த்தியது. மறைந்து திரியும் கப்பலிலிருந்து வீட்டுக்கு ஒழுங்காகத் தபால் செல்வது எங்ஙனம்? உலகெங்கும் அதன் பெயர் ஒலித்த அந்நாட்களில், பெற்ற தாய்மாரின் கைக்கு ஒரு வரியும் வந்திராது.

நவெம்பர் 9ஆம் நாள், கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதனை வென்றது. எம்டனில் 130 பேருக்கு மேல் மாண்டனர். எஞ்சியோரிற் பலரை ஏற்றிக்கொண்டு சிட்னி கொழும்புக்கு வந்தது. காயமுற்றோர் கப்பலில் இருக்கின்றனர், ஆரவாரம் செய்யற்க என அதன் தலைவர் முன்னரே கேட்டுக்கொண்டார். துறைமுகத்திற் கூடியிருந்த போர்வீரர் மௌனமாக வரவேற்றனர்.

கைதிகள் பின்னர் மோல்டாத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து அவர்கள் எழுதிய கடிதங்களிலே கப்பலெண் இல்லை. கைதிகளின் தபாலுக்குரிய தணிக்கைக் குறியே உண்டு. அதனைக் கண்ட தாய் ஒருத்திக்கு அக்குறி சொன்ன செய்தி ஒன்றே: மகன் உயிரோடிருக்கிறான்.

மாணவர்களே, பழைய கடிதவுறை கிடைத்தால் முத்திரையை மாத்திரம் வெட்டி எடுக்காதீர்கள், நீரில் ஊறவைக்காதீர்கள். குறியும் முகவரியும் நாளும் ஒன்றாய் இருந்தாற்றான் அது சரித்திரம். பிரித்தால் வெறுங் கடதாசி.