பெயர் சொல்லப்படாத கிட்டார்

‘பொனான்ஸா’, ‘மேஷ்’ போன்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். முகப்பு இசையைக் கேட்டதுமே தொடரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதில் கிட்டார் வாசித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

அவர் டாமி டெடெஸ்கோ. ஒலிப்பதிவுகளில் மிக அதிகமாக வாசித்த கிட்டார் கலைஞர் என்று ‘கிட்டார் பிளேயர்’ இதழ் அவரை வருணித்தது.

வானொலியில் பாடலை அறிவிக்கும்போது பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என மூன்று பெயர்களைச் சொல்கிறேன். வாசித்தவர் பெயர் என் குறிப்பில் பெரும்பாலும் இருப்பதே இல்லை. டெடெஸ்கோவின் கதை என்னைத் தொட்டதற்கு அதுவே காரணம்.

மூன்று மணி நேர வேலை

1930இல் நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஜாஸ் கலைஞராக லாஸ் ஏஞ்சலஸ் வந்து, ஸ்டூடியோக்களில் பிழைப்பைத் தேடிக்கொண்டார். 1960களில் பீச் பாய்ஸ், மாமாஸ் அண்ட் பாப்பாஸ் எனப் பலருக்கும் வாசித்தார். பின்னாளில் ‘ரெக்கிங் க்ரூ’ என்று அழைக்கப்பட்ட குழுவில் அவரும் ஒருவர். அட்டைப்படத்தில் இருப்பவர்களே வாசித்தார்கள் என்று ரசிகர்கள் நம்பினார்கள்.

ஓர் ஒலிப்பதிவு என்றால் பொதுவாக மூன்று மணி நேரம். இசைக்குறிப்பு அங்கேதான் கைக்கு வரும். பார்த்த மாத்திரத்தில் பிழையின்றி வாசிக்க வேண்டும். திடீரென மாண்டலின் வேண்டும், யுகுலேலே வேண்டும் என்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட தந்தி வாத்தியங்களை வாசித்த டெடெஸ்கோ, பெரும்பாலும் எல்லாவற்றையும் கிட்டார் போலவே சுருதி கூட்டிக்கொள்வார். இசையமைப்பாளருக்குத் தேவை அந்த ஒலிதானே!

நான்கு காரணங்கள்

ஒரு வேலையை ஏற்க அவர் நான்கு காரணங்கள் வைத்திருந்தார்: பணம், அனுபவம், தொடர்பு, மகிழ்ச்சி. இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளையர்கள் இதை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

‘கிட்டார் பிளேயர்’ இதழில் அவர் எழுதிய ‘ஸ்டூடியோ லாக்’ பகுதியில், ஒரு நாள் வேலையில் வந்த சிக்கல்களோடு வாங்கிய சம்பளத்தையும் மறைக்காமல் எழுதினார். கலையைப் பற்றிப் பேசும்போது காசைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் நமக்கு இது புதுசு.

1970களின் இறுதியிலிருந்து சொந்தப் பெயரில் ஜாஸ் தொகுப்புகளையும் வெளியிட்டார். நான்கில் கடைசிக் காரணம்தான் இதற்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு.

மகன் எடுத்த படம்

1992இல் பக்கவாதம் தாக்கியது. விரல்களை நம்பி வாழ்ந்தவரின் தொழில் அத்துடன் முடிந்தது. மறு ஆண்டே தன் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார். 1997இல், 67 வயதில் புற்றுநோயால் காலமானார்.

தந்தையின் நோய் தெரிந்ததும், 1996இல் மகன் டென்னி கேமராவைக் கையில் எடுத்தார். ‘தி ரெக்கிங் க்ரூ’ ஆவணப்படம் 2008இல் விழாக்களில் திரையிடப்பட்டது. ஆனால் பொது வெளியீட்டுக்கு, படத்திலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களின் உரிமைத் தொகையைக் கட்ட வேண்டியிருந்தது. அப்பா அந்தப் பாடல்களுக்கு வாசித்து அன்றைய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர். அவற்றைத் தன் படத்தில் ஒலிக்கவிட மகன் நிதி திரட்ட நேர்ந்தது. படம் பொதுமக்களிடம் வந்து சேர்ந்தபோது ஆண்டு 2015.

அடுத்த முறை ஒரு பாடலில் கிட்டார் உங்களைக் கட்டிப்போட்டால், கலைஞர் பட்டியலைத் தேடிப் பாருங்கள். கிட்டார் வகுப்புக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், சேர்ந்தே தேடுங்கள். நானும் தேடுகிறேன். ஒரு பெயரை ஒலிவாங்கியில் சொல்ல இரண்டு விநாடிதான் ஆகும்.