உமிழ்நீர் சொல்லும் செய்தி

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரத்தம் எடுப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கொழுகொழுவென்ற சின்னக் கை. இரத்தக்குழாய் கண்ணுக்கே தெரியாது. தாய் இறுகப் பிடித்துக்கொள்ள, செவிலியர் ஓர் இடத்தில் குத்திப் பார்த்து, கிடைக்காமல் இன்னோர் இடத்தில் குத்துவார். குழந்தை அலறும் அலறலில் வரிசையில் நிற்கும் மற்றக் குழந்தைகளும் அழத் தொடங்கிவிடும்.

குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் என்றால் பெற்றோர் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் இரத்தம் கேட்டால்? "உங்கள் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஊரில் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி பலித்திருக்கிறது என்று கணக்கெடுக்கிறோம். கொஞ்சம் இரத்தம் வேண்டும்" என்று கேட்டால், பலர் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, தடுப்பூசி போட்டாயிற்று. அது பலித்ததா என்று ஏன் பார்க்க வேண்டும்?

உங்கள் தாத்தா பாட்டியின் மேற்கையைப் பாருங்கள். காசளவு வட்டமாக ஒரு தழும்பு இருக்கக்கூடும். அது பெரியம்மைக்காக அம்மை குத்திய தழும்பு. குத்தியது பலித்தால் கொப்புளம் எழும்பித் தழும்பு விழும், பலிக்காவிட்டால் விழாது. கையைப் பார்த்தே ஓரளவு தெரிந்துவிடும். தட்டம்மைத் தடுப்பூசி அப்படி எந்த அடையாளத்தையும் விட்டுச் செல்வதில்லை. போட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அது பலிப்பதும் இல்லை. கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் குழந்தையின் இரத்தத்தில் சில மாதங்கள் மிச்சமிருக்கும். ஊசியில் உள்ள வலுக்குறைந்த வைரஸை அவை வேலை செய்ய விடாமல் அழித்துவிடக்கூடும். அதனால்தான் பிறந்தவுடன் இந்த ஊசியைப் போடுவதில்லை. இரண்டாவது தவணை ஒன்றும் உண்டு.

தட்டம்மை மிக எளிதில் தொற்றும் நோய். தடுப்பாற்றல் இல்லாதவர்களிடையே ஒரு நோயாளி வந்து சேர்ந்தால், 12 முதல் 18 பேருக்கு அதைத் தொற்ற வைத்துவிடுவார் என்பது கணக்கு. ஓர் ஊரில் 100க்கு ஏறக்குறைய 95 பேருக்குத் தடுப்பாற்றல் இருந்தால்தான் நோய் பரவ வழியின்றி அடங்கும். 80 பேருக்கு மட்டும் இருந்தால் போதாது. ஆகவே 80தானா, 95தானா என்று தெரிந்துகொள்வது, ஒரு கொள்ளைநோய் வருமா வராதா என்பதைத் தெரிந்துகொள்வதாகும்.

வாய்க்குள் கசியும் இரத்த நீர்

நம் வாயில் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. காதுக்குக் கீழே, தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என மூன்று இணைச் சுரப்பிகள் இதில் பெரும்பங்கைச் சுரக்கின்றன. (பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குவது காதுக்குக் கீழே உள்ள சுரப்பிதான்.) இச்சுரப்பிகளின் நீரில் ஐ.ஜி.ஏ. என்னும் வகை எதிர்ப்பொருள் மிகுதி. வாய், மூக்கு, குடல் ஆகியவற்றின் ஈரப் பரப்புகளைக் காவல் காப்பது இதன் வேலை.

ஆனால் தட்டம்மை ஊசி பலித்ததா என்று அறிய நமக்கு வேண்டியது ஐ.ஜி.ஜி. என்னும் வேறொரு வகை. இது இரத்தத்தில் சுற்றுவது. ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்பது. இதற்கு வாயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பல்லும் ஈறும் சந்திக்கும் இடத்தில் மிக நுண்ணிய பள்ளம் ஒன்று பல்லைச் சுற்றி ஓடுகிறது. ஈறின் நுண்குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி அந்தப் பள்ளத்தில் இடைவிடாமல் சிறிது சிறிதாகக் கசிகிறது. அதனோடு ஐ.ஜி.ஜி.யும் வெளிவருகிறது. எனவே, துப்பிய எச்சிலைவிட ஈறோரம் துடைத்தெடுத்த நீரே ஆய்வுக்கு உகந்தது. பல் துலக்கும் தூரிகை போன்ற குச்சியின் முனையில் பஞ்சுபோன்ற நுரைத்துண்டு ஒன்று இருக்கும். அதை ஈறோரமாக ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தேய்த்தால் போதும். குழந்தைகள் பெரும்பாலும் அதைச் சப்பத்தான் பார்ப்பார்கள், அழுவது குறைவு.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இரத்தத்தில் இருக்கும் ஐ.ஜி.ஜி.யின் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உமிழ்நீரில் இருக்கிறது. அதுவும் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். ஒரு குழந்தையின் வாய் காய்ந்திருக்கும். மற்றொன்றின் வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருக்கும். இப்படி நீர்த்துப்போனதை எப்படி அளப்பது?

பிடித்து வைத்து எண்ணுதல்

இலண்டனில் காலின்டேல் என்னுமிடத்தில் உள்ள பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பாரி, பெர்ரி, மார்ட்டிமர் ஆகியோர் 1987இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். அவர்கள் அப்போது தேடியது எச்.ஐ.வி.க்கும் கல்லீரல் அழற்சி வைரஸ்களுக்கும் எதிரான எதிர்ப்பொருள்களை. எனினும் முறை ஒன்றுதான்.

ஓர் உவமையால் இதை விளக்குகிறேன். ஒரு மூட்டைத் துவரையில் பத்துக்கு ஒன்று காராமணி கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூட்டையிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டீர்கள். இனி ஒரு குவளைத் தண்ணீரில் எத்தனை காராமணி என்று எண்ணினால் ஒன்றும் தெரியாது. தொட்டியின் அளவைப் பொறுத்து அது மாறும். ஆனால் சரியாக ஒரு கைப்பிடி மட்டும் கொள்ளும் ஒரு சல்லடையை விட்டு, அது நிரம்பும் வரை அரித்தெடுங்கள். சல்லடையில் உள்ளதில் பத்தில் ஒன்று காராமணியாகத்தான் இருக்கும். தொட்டி பெரிதானாலும் சிறிதானாலும் விகிதம் மாறாது.

ஆய்வுக்கூடத்தில் சல்லடையாக இருப்பது ஒரு பிளாஸ்டிக் குழிவு. மனித ஐ.ஜி.ஜி. எதுவாயினும் பற்றிக்கொள்ளும் ஒரு பொருளை அதன் உட்புறத்தில் முன்னதாகவே பூசிவைத்திருப்பார்கள். அதில் உமிழ்நீரை ஊற்றுகிறார்கள். ஐ.ஜி.ஜி. யாவும், எந்த நோய்க்கு எதிரானதாயினும், குழிவில் ஒட்டிக்கொள்கின்றன. இடம் நிரம்பியதும் மிச்சத்தைக் கழுவிவிடுகிறார்கள். பிறகு தட்டம்மை வைரஸின் புரதத்தைச் சேர்க்கிறார்கள். ஒட்டியிருக்கும் ஐ.ஜி.ஜி.களில் தட்டம்மைக்கு எதிரானவை மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட புரதம் எவ்வளவு என்பதை அடையாளமிட்ட மற்றோர் எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கிறார்கள். தொடக்கத்தில் கதிரியக்க அயோடின் இந்த அடையாளமாக இருந்தது. பின்னர் நிறம் உண்டாக்கும் என்சைம் அந்த இடத்தைப் பிடித்தது. அளப்பது எதிர்ப்பொருளின் மொத்த அளவை அன்று, விகிதத்தை. அந்த விகிதம் உமிழ்நீரிலும் இரத்தத்திலும் ஏறக்குறைய ஒன்றே.

சல்லடை நிரம்பாவிட்டால்? கணக்குத் தவறும். ஆகவே மாதிரியில் மொத்த ஐ.ஜி.ஜி. போதிய அளவு உள்ளதா என்று தனியே சோதித்து, இல்லையென்றால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவது நல்லது.

தபாலில் வந்த குச்சி

இங்கிலாந்தில் 1988இல் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி அறிமுகமானது. நோய் குறைந்தது. ஆனால் அதிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. ஊசி போடாத குழந்தைகளும் ஊசி பலிக்காத குழந்தைகளும், ஊரில் நோய் இல்லாததால், அது வராமலே வளர்ந்து பள்ளிக்கூடங்களில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மருத்துவமனைகளில் வேறு சோதனைகளுக்காக எடுத்து மிஞ்சிய இரத்தத்தைச் சோதித்து, கணித முறையில் கணக்கிட்டபோது, பெரிய கொள்ளைநோய் ஒன்று வரக்கூடும் என்று தெரிந்தது. 1994 நவம்பரில் 5 முதல் 16 வயது வரையுள்ள ஏறத்தாழ 80 இலட்சம் மாணவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள்.

அதன் பிறகும் மருத்துவர்களிடமிருந்து "தட்டம்மை" என்ற அறிவிப்புகள் வந்துகொண்டேயிருந்தன. அப்படியானால் இத்தனை பெரிய முயற்சி வீணா? அதே காலத்தில்தான் உமிழ்நீர்ச் சோதனையும் நாடெங்கும் தொடங்கியது. அறிவிப்பு வந்ததும் ஒரு குச்சியும் குழாயும் தபாலில் போகும். ஈறைத் துடைத்து, குழாயில் மூடி, மீண்டும் தபாலிலேயே அனுப்பிவிடலாம், குளிர்ப்பெட்டி தேவையில்லை. இங்குத் தேடியது ஐ.ஜி.எம்., அதாவது நோய் வந்த புதிதில் தோன்றிச் சில வாரங்களில் மறையும் எதிர்ப்பொருள். முடிவு வியப்பூட்டியது. சோதித்தவற்றுள் நூற்றுக்கு ஒரு சிலவே உண்மையான தட்டம்மை! மற்றவை வேறு வைரஸ்களால் வரும் தடிப்புகள். ஒரு நோய் அரிதாகும்போது, அனுபவமுள்ள மருத்துவரின் கண்கூட ஏமாறத் தொடங்குகிறது. இந்தச் சோதனை இல்லாதிருந்தால், வெற்றி பெற்ற ஒரு தடுப்பூசித் திட்டத்தைத் தோல்வி என்று எழுதியிருப்பார்கள்.

எத்தியோப்பியாவின் கிராமங்களில் இரத்தத்தையும் உமிழ்நீரையும் ஒரே ஆளிடம் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2001இல் வெளிவந்தது. தட்டம்மைக்கு உமிழ்நீர் நன்றாகவே ஈடுகொடுத்தது. ரூபெல்லாவுக்குச் சற்றுக் குறைவு. கல்லீரல் அழற்சி 'பி' வகைக்கு ஏமாற்றந்தான். எல்லா நோய்க்கும் ஒரே அளவுகோல் கிடைக்கவில்லை.

கணக்குப் புத்தகத்தை எடுங்கள்

நோய் வந்து மீண்டவரைவிட, ஊசி போட்டவரிடம் எதிர்ப்பொருள் பொதுவாகக் குறைவு. ஆகவே உமிழ்நீர்ச் சோதனை, தடுப்பாற்றல் உள்ள சில குழந்தைகளை "இல்லை" என்று சொல்லிவிடும். ஆனால் தவறு எவ்வளவு என்று தெரிந்தால், அதைத் திருத்திவிடலாம். ஓர் எடுத்துக்காட்டு (எண்கள் நான் வைத்துக்கொண்டவை): ஒரு சோதனை, தடுப்பாற்றல் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது, இல்லாத 100 பேரில் 5 பேரை "உண்டு" என்று தவறாகச் சொல்கிறது. ஒரு வட்டாரத்தில் இச்சோதனை 73 சதவீதம் "உண்டு" என்று காட்டினால் உண்மை என்ன?

உண்மையான பங்கை 'க' என்போம். 0.90க + 0.05(1 − க) = 0.73. அதாவது 0.85க = 0.68. எனவே க = 0.80. உண்மை 80 சதவீதம். நமக்கு வேண்டியதோ 95. அந்த வட்டாரத்துக்கு ஊசியோடு புறப்பட வேண்டியதுதான்.

கூட்டத்துக்குச் செய்யும் இந்தத் திருத்தத்தைத் தனி ஒரு குழந்தைக்குச் செய்ய முடியாது. "இல்லை" என்று வந்த குழந்தை, சோதனை தவறவிட்ட பத்துப் பேரில் ஒன்றா, உண்மையிலேயே காப்பில்லாததா? உமிழ்நீர் அதைச் சொல்லாது. கைக்குழந்தைகளிடம் இன்னும் தொல்லை. பல் இல்லாத வாயில் பல்லோரப் பள்ளமும் இல்லை. கிடைக்கும் ஐ.ஜி.ஜி.யும் தாயிடமிருந்து வந்த மிச்சமாக இருக்கலாம். ஐ.ஜி.ஏ.யைத் தேடினாலோ, சற்று முன் குடித்த தாய்ப்பாலில் வந்தது கலந்திருக்கும்.

கோவிட் காலத்திலும் இங்கிலாந்தின் பள்ளிகளில் மாணவர்களிடம் உமிழ்நீரையே கேட்டார்கள்; ஆசிரியர்களிடம் விரல் நுனி இரத்தத்தை வாங்கினார்கள். மாணவர்களாகிய உங்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும் என்று நினைக்கிறேன். அங்கும் கேட்ட கேள்வி "இந்தப் பள்ளிகளில் எத்தனை பேர்?" என்பதே.

ஒரு தனிக் குழந்தையைப் பற்றி ஐயம் வந்தால் முதலில் தடுப்பூசி அட்டையைப் பார்க்கிறார்கள். அட்டை தொலைந்துவிட்டால், பெரும்பாலும் எந்தச் சோதனையும் செய்யாமல் இன்னொரு தவணை போட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே தடுப்பாற்றல் உள்ள குழந்தைக்கு ஒரு தட்டம்மை ஊசி கூடுதலாகப் போனால் தீங்கில்லை; உடலில் உள்ள எதிர்ப்பொருள் அந்த வைரஸைத் தலையெடுக்க விடாது.