எவ்வளவு நேரம் கழிந்தது?

"மணி என்ன?" என்பது ஒரு கேள்வி. "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே கடிகாரத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் முதல் கேள்விக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். இரண்டாவது கேள்விக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும்: தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று. பிறகு பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க வேண்டும்.

கணக்கு நோட்டில் பதினைந்திலிருந்து ஏழைக் கழிக்கிறோம். அதே சொல்லைத்தான் அம்மாவும் சொல்கிறார்: "பத்து நிமிஷம் கழிச்சு வா." காலம் போவதற்கும் கணக்கில் குறைப்பதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். விஞ்ஞானிகள் நேரத்தை அளப்பதும் இந்தக் கழித்தலால்தான்.

காலம் போவதைச் சொல்ல நம்மிடம் வேறு சொற்களும் இருக்கின்றன. போன வாரம், சென்ற வாரம், கடந்த வாரம் எல்லாம் ஒரே வாரம்தான். கன்னியாகுமரிப் பக்கம் போனால் "கழிஞ்ச வாரம்" என்றும் சொல்வார்கள். தேர்வு எழுதும்போது நேரம் ஓடுகிறது. பேருந்துக்குக் காத்திருக்கும்போது நேரம் நகரவே மாட்டேன் என்கிறது. விடுமுறையோ போனதே தெரியாது.

ஆனால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க எப்போதும் முடியாது. "பத்து நிமிடம் கழித்து வா" என்பதை "பத்து நிமிடம் ஓடி வா" என்று மாற்றிப் பாருங்கள். மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்து சேர்வீர்கள்! ஓடுவதும் நகர்வதும் நமக்கு நேரம் எப்படிப் போகிறது என்பதைச் சொல்கின்றன. கழிவதும் ஆவதும் அளவைச் சொல்கின்றன. "ஒரு மணி நேரம் ஆச்சு" என்றால் விளையாடியவருக்கும் காத்திருந்தவருக்கும் அது ஒரே ஒரு மணி நேரம்தான்.

கழிவதற்கு எதிர்ச்சொல் என்ன? நிற்பது என்று சிலர் சொல்வீர்கள். எனக்கு "எஞ்சுவது" என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. மணற்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கீழ்க் குடுவையில் விழுந்த மணல் கழிந்த நேரம். மேலே இருப்பது எஞ்சிய நேரம். இரண்டையும் கூட்டினால் மொத்த நேரம். ஓட்டப் பந்தயத்தில் ஆசிரியர் கையில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் கழிந்ததைக் காட்டுகிறது. போக்குவரத்து சிக்னலில் 30, 29, 28 என்று இறங்கி வரும் எண் எஞ்சியதைக் காட்டுகிறது.

இனி ஒரு முக்கியமான விஷயம். எவ்வளவு நேரம் கழிந்தது என்று அறிய, மணி என்ன என்று தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. சீராக நடக்கும் ஏதோ ஒன்று இருந்தால் போதும். நம் நாட்டில் அடியில் நுண்ணிய துளை போட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டார்கள். துளை வழியே நீர் ஏறி ஏறிக் கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை ஆயிற்று. ஒரு நாழிகை நம் கணக்கில் 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. சங்க நூலான முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிறவர்கள் வருகிறார்கள். மழை இரவில் சூரியனும் இல்லை, விண்மீனும் இல்லை. நீர் மட்டும் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இத்தாலியின் கலிலியோவும் நீரைத்தான் நம்பினார். சரிவான பலகையில் பள்ளம் வெட்டி, அதில் வெண்கலக் குண்டை உருளவிட்டார். குண்டு உருளும் நேரம் முழுவதும் ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே நீரை ஒழுகவிட்டு, சேர்ந்த நீரைத் தராசில் நிறுத்தார். நீர் இரண்டு மடங்கு சேர்ந்தால் நேரமும் இரண்டு மடங்கு. அப்போது குண்டு உருண்ட தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு. விழும் பொருள்களைப் பற்றிய இந்தப் பெரிய உண்மையை 1638இல் வெளியான நூலில் அவர் எழுதினார். நொடி முள் உள்ள கடிகாரம் எதுவும் அவரிடம் இல்லை.

நீங்களும் ஒரு நேர அளவி செய்யலாம். ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டுங்கள். நூலை மாட்டும் இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கட்டும். நூலை ஓர் ஆணியில் மாட்டி, கல்லைக் கொஞ்சமாக இழுத்து விடுங்கள். போய்த் திரும்பி வர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். 60 முறை போய் வந்தால் ஒரு நிமிடம். பெரிய கல்லோ சிறிய கல்லோ, நேரம் மாறாது. நூலின் நீளத்தை மாற்றினால்தான் மாறும்.

எண்ணும்போது ஒன்றில் கவனம் வேண்டும். கல்லை விடும் கணத்தில் "ஒன்று" என்று சொல்லக் கூடாது, "பூஜ்யம்" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் இன்னும் எதுவும் கழியவில்லை அல்லவா? அது திரும்பி வந்து சேரும்போதுதான் "ஒன்று". முதலிலேயே ஒன்று என்று தொடங்கினால், பத்து எண்ணும்போது உண்மையில் ஒன்பது நொடிதான் கழிந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் இதே போன்ற ஊசல் சோதனை செய்யும் அண்ணன், அக்காவுக்கும் இந்தப் பிழை வரும்.

இன்றைய கைக்கடிகாரத்திலும் இந்த எண்ணிக்கைதான் நடக்கிறது. ஆடும் கல்லுக்குப் பதில் உள்ளே ஒரு குட்டி குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த எண்? அதைப் பாதியாக்குங்கள், பாதியைப் பாதியாக்குங்கள். பதினைந்தாவது முறை ஒன்றில் வந்து நிற்பீர்கள். கடிகாரத்தின் மின்சுற்றும் அப்படித்தான் பாதி பாதியாக்கி ஒரு நொடியைக் கண்டுபிடிக்கிறது. 1967 முதல் உலகத்துக்கெல்லாம் பொதுவான நொடி சீசியம் அணுவை வைத்துச் சொல்லப்படுகிறது. அந்த அணுவோடு தொடர்புடைய கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர்ந்தால் ஒரு நொடி கழிந்தது என்று பொருள்.

இவ்வளவு துல்லியமாக எண்ணத் தொடங்கியதும் வியப்பான ஒன்றைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. 1971 அக்டோபரில் ஜோசப் ஹாஃபலே, ரிச்சர்ட் கீட்டிங் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு சீசியம் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி, ஒரு முறை கிழக்காகவும் ஒரு முறை மேற்காகவும் உலகைச் சுற்றி வந்தார்கள். பிறகு, வாஷிங்டனில் அசையாமல் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள். பறந்த கடிகாரங்களில், கிழக்கே போனபோது சுமார் 59 நானோ நொடி குறைவாகவும், மேற்கே போனபோது சுமார் 273 நானோ நொடி கூடுதலாகவும் நேரம் கழிந்திருந்தது! நானோ நொடி என்பது ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு.

கடிகாரங்கள் பழுதாகிவிடவில்லை. ஐன்ஸ்டீனின் கொள்கைப்படி, வேகமாகச் செல்லும் கடிகாரத்துக்கு நேரம் குறைவாகவே கழியும். உயரத்தில், பூமியின் ஈர்ப்பு குறைந்த இடத்தில், கூடுதலாகக் கழியும். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், கிழக்கே பறக்கும் விமானத்தின் வேகம் அந்தச் சுழற்சியோடு சேர்ந்துகொள்கிறது. மேற்கே பறந்தால் அதிலிருந்து கழிந்துபோகிறது. அதனால்தான் இரண்டு பயணங்களும் இரண்டு விடைகளைத் தந்தன.

இந்தச் சின்ன வித்தியாசத்தின் கணக்கு உங்கள் வீட்டு செல்பேசிக்கும் வேண்டியிருக்கிறது. வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றின் வேகத்தால் நாளொன்றுக்கு சுமார் 7 மைக்ரோ நொடி குறைகிறது, உயரத்தால் சுமார் 45 மைக்ரோ நொடி கூடுகிறது. கழித்துப் பார்த்தால் 38 மிச்சம். மைக்ரோ நொடி என்பது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் செயற்கைக்கோளின் சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் செல்பேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் வரும் அந்த சிக்னல் ஒரு மைக்ரோ நொடிக்குள் 300 மீட்டர் போய்விடும். 38 மைக்ரோ நொடியில் 11 கிலோமீட்டருக்கு மேல்! ஆகவே அந்தக் கடிகாரங்களை விண்ணில் ஏவும் முன்பே கொஞ்சம் மெதுவாக ஓடும்படி அமைத்து அனுப்புகிறார்கள். மேலே போனதும் அவை நம் பூமிக் கடிகாரங்களோடு ஒத்து ஓடுகின்றன.