தெரியாத வாசலைத் தட்டும்போது...



உங்கள் வீட்டு மூலையில் ஒரு தையல் மெசின் இருக்கிறது. பிள்ளைகள் உறங்கிய பின் அதில் குந்துகிறீர்கள். அபாயா, சிறுபிள்ளைச் சட்டை, தலையணை உறை என்று பத்துப் பன்னிரண்டு உருப்படிகள் சேர்ந்துவிட்டன. இவற்றை யாருக்கு விற்கப் போகிறீர்கள்?

"ராத்தாவுக்கு ஒன்று, சாச்சிக்கு ஒன்று, எதிர்வீட்டு மச்சிக்கு ஒன்று" என்பீர்கள். இதில் வியப்பில்லை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாவியை ஒட்டிய மற்ற ஊர்களிலும் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் என்றால் வளவைப் பங்கிட்டு வீடு கட்டிக் கொடுக்கிறோம். மாப்பிள்ளை அங்கே வந்து சேருகிறார். தாய்வழியாகக் குடி பார்க்கும் மரபு நம்முடையது. ஆகவே ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சொந்தம்தான்.

நோய்நொடியில் இது பெரிய பாதுகாப்பு. வியாபாரத்தில் இதுவே முதல் தடை! ராத்தா "பெருநாளைக்குத் தாறேன்" என்றால் தலையாட்டாமல் முடியுமா? கடன் கொப்பி நிறைகிறது. அடுத்த துணி வாங்கக் கையில் காசு இல்லை. இன்னொன்றும் உண்டு. சொந்தக்காரர் குறை சொல்லமாட்டார். கை சற்றுச் சரிந்திருந்தாலும் "நல்லாரிக்கி" என்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். உங்கள் தையல் உண்மையில் நல்லதா என்பதை முன்பின் அறியாத ஒருத்தி காசு எண்ணிக் கொடுக்கும்போதுதான் நீங்கள் அறிவீர்கள்.

அப்படி அறியாதவரிடம், அழைப்பில்லாமல் நேரில் போயோ தொலைபேசியிலோ பொருளைப் பற்றிப் பேசுவதை வியாபாரம் படித்தவர்கள் 'கோல்ட் கோல்' என்கிறார்கள். பெயர்தான் புதிது. கண்டி இராச்சியக் காலத்தில் நம் மூதாதையர் 'தவலம்' எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டிக்கொண்டு, உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றி மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். திரும்பும்போது பாக்கு வந்தது. அங்கே அவர்களுக்கு ராத்தா இருந்தாளா, சாச்சி இருந்தாளா?

நீங்கள் தைக்கிற மெசினையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கர் கம்பனி 1877இல் இலங்கைக்கு வந்தது. அதற்கும் இருபது வருடம் முன்பே, 1850களில், அமெரிக்காவில் அது தவணைக்கு மெசின் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அதன் முகவர்கள் உலகமெங்கும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அதே அமெரிக்காவில் டேவிட் மெக்கானெல் என்பவர் வாசல் வாசலாகப் புத்தகம் விற்றார். கதவைத் திறக்கும் பெண்களுக்குச் சிறு குப்பியில் வாசனைத் திரவியம் இனாமாகக் கொடுத்தார். அவர்களுக்குப் புத்தகத்தைவிடக் குப்பியே பிடித்திருந்தது. 1886இல் அவர் தொடங்கிய வாசனைத் திரவியக் கம்பனிதான் பின்னாளில் 'ஏவன்' ஆயிற்று. அதன் முதல் விற்பனையாளர் பெர்சிஸ் அல்பீ என்ற பெண்மணி. மெக்கானெல் தன் சரக்கைப் பிடிவாதமாகப் புகழ்ந்துகொண்டு நிற்கவில்லை. வாசலில் நிற்பவளுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தார். எனக்குப் பிடித்த இடம் இது.

ஆனால் வாசலுக்கு வருகிறவர் எல்லாரும் அப்படியா? நுண்கடன் கம்பனிக்காரர்கள் நம் மாவட்டத்து வாசல்களுக்கும் வந்தார்கள். இனிக்கப் பேசிப் பெண்களின் கையெழுத்தை வாங்கினார்கள். பிறகு கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு வந்தார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர்கள் எத்தனை பேர்! 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அழையாத தட்டல் ஒரு பெண்ணின் வயிற்றில் என்ன செய்யும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது தட்டப்போவது நீங்கள்.

இதற்கு நம்மிடம் ஒழுங்கு இருக்கிறது. அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டில் நுழையக் கூடாது. 'திரும்பிப் போங்கள்' என்றால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது என்கிறது ஸூரத்துந் நூர். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிடச் சொல்லும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் வாசலுக்கு நேரெதிரே நிற்காமல் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி நிற்பார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். விற்பனைப் பயிற்சி கொடுப்பவர்களோ 'இல்லை என்றாலும் விடாதே' என்கிறார்கள்! என்னைக் கேட்டால், 'இல்லை' என்ற சொல்லை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டு போனவளைத்தான் அடுத்த முறை உள்ளே கூப்பிடுவார்கள்.

தொலைபேசியும் வாசல்தான். தொழுகை நேரத்திலோ சமையல் நேரத்திலோ இரவிலோ எடுக்காதீர்கள். பெயரும் ஊரும் சொல்லி, "இப்ப பேசலாமா?" என்று கேளுங்கள். யாரிடமிருந்து இலக்கம் கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

கடைக்குப் போவதென்றால் தனியே போகாமல் உம்மாவையோ மச்சியையோ கூட்டிப் போங்கள். கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு நகரத்துப் புடவைக் கடைகளுக்குக் காலை பத்து மணியளவில், கூட்டம் சேருமுன் போவது நல்லது. பெருநாளுக்கு முந்திய கிழமைகளில் முதலாளிக்கு உங்கள் முகம்கூட நினைவில் நிற்காது. பை நிறையச் சுமக்க வேண்டாம். இரண்டு உருப்படி போதும். அந்த இரண்டும் மற்றவற்றைவிட மினுக்கித் தைத்தவையாக இருக்கக் கூடாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மேலே வைக்கலாமே என்று கேட்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். விலையையும் வீட்டிலேயே கணக்குப் போட்டு முடிவு செய்துவிடுங்கள். துணி, நூல், பஸ் காசு, உங்கள் இரவுகள். கடைசியைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வாங்காவிட்டால், "இதில் என்ன குறை?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். வெளியே வந்ததும் கொப்பியில் எழுதுங்கள். அந்தப் பக்கம் கடன் கொப்பியைவிடப் பெறுமதியானது.

இன்னொரு திசையும் இருக்கிறது. வாவிக்கு அப்பால் படுவான்கரை. ஒரு காலத்தில் மண்முனைத் துறையில் ஓடம் ஏறி நம் வியாபாரிகள் போய்வந்த கரை அது. 1990இன் வன்செயல்களுக்குப் பின் அங்கே போக நம்மவர் அஞ்சினர். அங்கிருந்து இங்கே வர அவர்களும் அஞ்சினர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வீடுகளிலும் தாய்வழிக் குடி உண்டு, பெண்ணுக்கே வீடு உண்டு. அங்கேயும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை வேண்டும்.

அங்கே போனால் வேலிக்கு வெளியே நின்று, "அக்கா, வணக்கம். நான் காத்தான்குடியிலிருந்து வாறன், சின்னப் பிள்ளைகளின் சட்டை தைக்கிறனான், பார்க்க நேரமிருக்கா?" என்று கேளுங்கள். முதல் நாள் ஒன்றும் விற்காமல் போகலாம். தண்ணீர் தந்தால் குடியுங்கள். பிள்ளையின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு, எந்தக் கிழமை திரும்ப வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நாளில் மழையென்றாலும் போங்கள்.